கிணற்றில் டைவ் அடிக்கும் 11 வயது மகளை வெளிநாட்டு ஸ்பிரிங்போர்டு முகாமுக்கு அனுப்பலாமா?

சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 11 வயது. தோட்டத்துக் கிணற்றில் தாத்தா சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்கினார். இரண்டு ஆண்டுகளாக நகரத்துக் குளம் ஒன்றில் முறையாக நீந்துகிறாள். மோட்டார் அறையின் கூரையில் நின்று தலைகீழாக டைவ் அடிக்கிறாள், பல்டியும் அடிக்கிறாள். அதைக் காட்டும் காணொளியைப் பார்த்த ஒரு டைவிங் அகாடமி, கோலாலம்பூரில் இரண்டு வாரம் நடக்கும் ஸ்பிரிங்போர்டு முகாமுக்கு அழைத்திருக்கிறது. மலேசியாவா, சிங்கப்பூரா, அமெரிக்காவா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், நகையை அடகு வைத்தாவது அனுப்பிவிடுவோம், அது வீணாகிவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எந்த நாடு என்பதைவிட, செலவழிக்கும் பணம் குழந்தையின் உடலில் வித்தையாகத் தங்குமா என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டியது.

நான் இளமையில் போட்டிகளில் டைவ் செய்தவன். பிறகு 22 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்தேன். மூன்று முறை சிறு குழுக்களை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் முகாம்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். இப்போது ஏற்காட்டு அடிவாரத்தில்தான் குடியிருக்கிறேன், ஆகையால் உங்கள் ஊர்க் கிணறுகளும் எனக்குப் பழக்கமே. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆண்டு அனுப்ப வேண்டாம். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, நான் கீழே சொல்லும் ஒரு நிபந்தனை நிறைவேறியிருந்தால், தாராளமாக அனுப்பலாம்.

முதலில் கிணறு அவளுக்கு எதைக் கொடுத்திருக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்ப்போம். உயரத்தில் நின்று கீழே பார்க்கும்போது கால் நடுங்காமல் இருப்பது பெரிய செல்வம். நகரத்துப் பிள்ளைகள் சிலருக்கு நீரிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் உள்ள பலகையின் நுனிக்கு நடந்து போகவே மூன்று மாதம் ஆகும். உங்கள் மகள் அந்த மூன்று மாதத்தைத் தாத்தாவின் கிணற்றிலேயே கடந்துவிட்டாள். ஆனால் மோட்டார் அறைக் கூரை சிமெண்டால் ஆனது. அதை உதைத்தால் அந்தக் கணமே திருப்பி உதைக்கும். ஸ்பிரிங்போர்டு அப்படிப்பட்டதன்று. அது ஏறத்தாழ 4.8 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள அலுமினியப் பலகை. நன்கு பழகியவர் மிதித்தால் அதன் நுனி அரை மீட்டருக்கும் மேலாகக் கீழே வளைந்து, பிறகுதான் மேலே வரும். அது மேலே வரும் வரை காத்திருந்து, பலகை தூக்கிவிடும் நொடியில் கிளம்புவதுதான் இந்த விளையாட்டின் முதல் பாடம். கிணற்றில் பழகிய பிள்ளைகள் அனைவரும் அவசரப்பட்டு, பலகை கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே குதித்துவிடுகிறார்கள். பலகை கொடுக்க வேண்டிய உயரம் முழுவதும் போய்விடுகிறது. பலகையின் நடுவே கீழிருந்து தாங்கும் உருளை ஒன்று உண்டு. அதன் சக்கரத்தைக் காலால் உருட்டிப் பின்னே தள்ளினால் பலகை இளகும், முன்னே தள்ளினால் விறைக்கும். எடை குறைந்த 11 வயதுக் குழந்தைக்கு எந்த இடத்தில் வைப்பது என்று கண்டுபிடிப்பதற்கே சில நாட்கள் போகும்.

இரண்டாவது, கை. அகாடமி பார்த்த அந்தக் காணொளியை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் கைகளைக் கும்பிடுவதுபோல் கூப்பி, விரல் நுனியால் நீரைக் கிழித்துக்கொண்டு போவாள். நம் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் பழகுகிறோம். ஊசிபோல் நுழைந்தால் நீர் தெறிக்காது என்று தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு. போட்டியாளர்கள் ஒரு கையை மற்றொரு கையின் புறங்கைமேல் வைத்து இறுகப் பற்றி, கட்டைவிரல்களைப் பூட்டி, உள்ளங்கை தட்டையாக நீரைப் பார்க்கும்படி பிடிக்கிறார்கள். அந்தத் தட்டையான உள்ளங்கை நீரில் ஒரு பள்ளம் உண்டாக்குகிறது. காதோடு ஒட்டிய புஜங்களும் தலையும் உடலும் அந்தப் பள்ளத்துக்குள் போகின்றன. உள்ளே போனதும் கைகளைப் பிரித்து நீரைப் பக்கவாட்டில் தள்ளினால், மேலே ஒரு துணியைக் கிழித்த சத்தம் மட்டுமே கேட்கும். 3 மீட்டர் பலகையிலிருந்து மேலெழும்பி விழும் உடல் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறது. 10 மீட்டர் உயரமுள்ள அசையாத மேடையிலிருந்து என்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கூப்பிய கை பிரிந்துவிடும், தலை நேரடியாக அடியை வாங்கும். எனவே இந்தக் கைப்பிடியை மாற்றுவது அழகுக்காக மட்டுமன்று, கழுத்துக்காகவும் தோளுக்காகவும்தான். சிறுவயதில் ஊறிய பழக்கத்தை இரண்டு வாரத்தில் மாற்ற முடியாது. முகாமில் மாற்றிவிட்டதுபோல் தெரியும். அடுத்த கோடையில் கிணற்றில் முதல் டைவிலேயே கும்பிடு திரும்பி வந்துவிடும்.

முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், ஏனெனில் விளம்பரப் படங்களில் நீல நீரும் பறக்கும் பிள்ளைகளும் மட்டுமே இருக்கும். நல்ல முகாமில் பாதி நேரம் நீரின் பக்கமே போகமாட்டார்கள். காலையில் டிராம்போலின் என்னும் துள்ளு விரிப்பில், இடுப்பில் பெல்ட் கட்டி, கூரைக் கப்பி வழியாக வரும் கயிற்றைப் பயிற்சியாளர் கையில் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் காற்றில் சுழலப் பழகுவார்கள். பிறகு உலர்தளத்தில் பொருத்திய பலகையிலிருந்து தடித்த மெத்தையின் மேலோ நுரைக்கட்டைகள் நிறைந்த குழியிலோ குதிப்பார்கள். அதன்பின்தான் நீர். சில குளங்களில் புதிய டைவ் பழகும்போது அடியிலிருந்து காற்றைச் செலுத்தி நுரை எழுப்பி, தவறாக விழுந்தாலும் அடி குறையும்படி நீரை மெத்தையாக்குகிறார்கள். மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருக்கும். அசையாத நீரை மேலிருந்து பார்த்தால் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, ஆகையால் அதைக் கலைத்து வைக்கிறார்கள். கரையில் ஒரு திரை இருக்கும். டைவ் முடித்துக் குழந்தை ஏறி வரும் நேரத்துக்குச் சரியாக அவளுடைய டைவ் அதில் ஓடும். பயிற்சியாளர் பேசுவதற்கு முன்பே முழங்கால் எங்கே பிரிந்தது என்று அவளே பார்த்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் ஷாமி என்னும், நீரை உறிஞ்சும் கையளவு துண்டால் முழங்காலையும் கைகளையும் துடைத்துக்கொண்டே மேலே ஏறுவார்கள், ஏனெனில் சுழலும்போது இறுகப் பிடித்த ஈரக் கால் கையிலிருந்து வழுக்கிவிட்டால் சுழற்சி நடுவானில் அவிழ்ந்துவிடும். நான் அழைத்துச் சென்ற பிள்ளைகள் ஊருக்கு வந்ததும் பள்ளிப் பையில் ஷாமியை மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்த ஆசையைப் பார்க்கும்போது மனம் நெகிழத்தான் செய்தது.

இனி நான் சொல்லப்போவது என் அனுபவத்தில் நடந்தது. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. வாழப்பாடிப் பக்கத்திலிருந்து 13 வயதுப் பையன் ஒருவன், மிகுந்த துணிச்சல்காரன், என்னோடு ஒரு முகாமுக்கு வந்தான். பத்தாவது நாள் 3 மீட்டர் பலகையில் பின்புறமாக நின்று, பலகையை நோக்கி முன்னே ஒன்றரைச் சுற்று சுற்றி விழும் டைவை முடித்தான். டைவ்களுக்கான எண் முறையில் அதற்கு 403 என்று பெயர், முழங்காலை ஒடுக்கிச் செய்தால் 403 சி. எல்லோரும் கைதட்டினார்கள். ஊருக்குத் திரும்பினோம். அவன் பழகிய குளத்தில் 3 மீட்டர் பலகை இல்லை, டிராம்போலின் இல்லை, கயிறு பிடிக்க ஆளும் இல்லை. நான் வேறு ஊரில் இருந்தேன், மாதம் ஒரு முறை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து, கற்ற வித்தை மறந்துபோகிறதே என்ற தவிப்பில், யாருமில்லாத நேரத்தில் பழைய 1 மீட்டர் பலகையிலிருந்து அதே டைவை முயன்றிருக்கிறான். 3 மீட்டரில் கிடைத்த காற்று நேரம் 1 மீட்டரில் கிடைக்காது. பயத்தில் பலகையை விட்டுத் தள்ளிக் குதிக்காமல் ஒட்டியே குதித்ததில், சுற்றி வந்த கால் பலகையின் விளிம்பில் பட்டு இரண்டு விரல்கள் முறிந்தன. விரல்கள் கூடிவிட்டன. ஆனால் அவன் மறுபடி பலகையில் ஏறவில்லை. முகாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது பொய்யன்று. அதைத் தொடர்ந்து பாதுகாப்பாகப் பழக ஓர் இடத்தை நாங்கள் யாரும் அவனுக்கு ஏற்பாடு செய்யவில்லை.

ஆகவே என் நிபந்தனை இதுதான்: முகாமிலிருந்து திரும்பிய முதல் வாரம், செவ்வாய்க்கிழமை மாலை, உங்கள் மகள் எந்தப் பலகையில், யாருடைய கண்முன் பழகுவாள் என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பெயரும் ஒரு முகவரியும் இருக்க வேண்டும். அது இல்லாதவரை எந்த நாட்டு முகாமும் பத்து நாள் திருவிழாதான்.

அந்த இடத்தை எப்படி உண்டாக்குவது? சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட நீர்விளையாட்டு வளாகத்தில் டைவிங்குக்கெனத் தனிக் குளம் உண்டு. சேலத்திலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வாரந்தோறும் போய் வரச் சொல்லவில்லை. ஆனால் பள்ளி விடுமுறைகளில் இரண்டு மூன்று வாரம் தங்கி, அங்குள்ள பயிற்சியாளர் ஒருவரிடம் அடிப்படையைத் தொடங்குவதற்கு முகாமுக்கு ஆகும் தொகையில் ஒரு பகுதியே போதும். போவதற்கு முன் எந்தப் பலகைகள் பயன்பாட்டில் உள்ளன, குழந்தைகளைச் சேர்க்கும் நேரம் எது என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இடைப்பட்ட மாதங்களில் சேலத்திலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியரிடம் வாரம் மூன்று நாள் விடுங்கள். சுவரைப் பார்த்துக் கைகளால் நிற்பது, கைகளைக் காதோடு ஒட்டித் தலைக்கு மேல் நீட்டித் தோளைப் பூட்டுவது, முழங்கால் மடங்காமல் வயிற்றை ஒட்டிக் குனிவது, பாத நுனியைக் கூர்மையாக நீட்டுவது ஆகிய நான்கும் டைவிங்கின் அரிச்சுவடி. இவற்றை வீட்டு முற்றத்தில் நாளுக்கு 20 நிமிடம் செய்யலாம். இந்த அரிச்சுவடியோடு முகாமுக்குப் போகும் குழந்தை இரண்டாம் நாளே பலகையில் ஏறுகிறது. இது இல்லாத குழந்தைக்கு முகாமின் பாதி இதிலேயே கழிந்துவிடும். சுவரில் கைகளால் நிற்கச் சொல்லிக் கொடுக்கக் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

வயது கடந்துவிடுமோ என்ற கவலை உங்கள் எழுத்தில் தெரிகிறது. சீனாவின் ஃபூ மிங்ஷியா 1991 உலகப் போட்டியில் 12 வயதில் 10 மீட்டர் மேடைப் பட்டத்தை வென்றார். அதற்குப் பிறகுதான், அந்த ஆண்டுக்குள் 14 வயது நிறையாதவர்கள் பெரியவர்களுக்கான உலகப் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது என்ற விதி வந்தது. இளையோருக்கான உலகப் போட்டியிலும் 14, 15 வயதினர் ஒரு பிரிவு, 16 முதல் 18 வரை மற்றொரு பிரிவு. உங்கள் மகளுக்கு 11. சீனக் குழந்தைகள் ஆறு, ஏழு வயதிலேயே தொடங்குகிறார்கள் என்பது உண்மைதான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் எட்டு டைவிங் தங்கங்களையும் அவர்களே வென்றார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நம்மைப்போல் வெப்பநாடான மலேசியாவைப் பாருங்கள். சரவாக் மாநிலத்துப் பெண் பண்டேலேலா ரினோங் 2012 லண்டனில் 10 மீட்டர் மேடையில் வெண்கலமும், 2016 ரியோவில் இணையோடு குதிக்கும் பிரிவில் வெள்ளியும் வென்றார். அந்த நாடு பிள்ளைகளை இரண்டு வார முகாம்களுக்கு அனுப்பி அதைச் சாதிக்கவில்லை. சீனப் பயிற்சியாளர்களைத் தன் நாட்டுக்கு அழைத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தது.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. இனிச் சொல்வதில் உறுதி குறைவு. காணொளியைப் பார்த்து ஒரு குழந்தைக்கு இயல்பான திறமை உண்டு என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை; நேரில் ஆறு மாதம் பார்த்தும் நான் தவறாகக் கணித்த பிள்ளைகள் உண்டு. உங்கள் மகளைப் பற்றியும் அவளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல இயலாது. மேலும் பெண் குழந்தைகள் பொதுவாக 11 முதல் 13 வயதுக்குள் வேகமாக உயர்வார்கள். கால் நீண்டால் உடலைச் சுழற்றுவது கடினமாகும், நேற்று எளிதாகச் செய்த பல்டி இன்று பாதியில் நிற்கும். இது திறமை போய்விட்டதன் அறிகுறியன்று, உடல் புதிய அளவுக்குப் பழகும் காலம். அந்த மாதங்கள் எப்போது வரும், எவ்வளவு நீளும் என்று யாராலும் கணிக்க முடியாது. அத்தகைய மாதத்தில் முகாம் வந்து விழுந்தால் பணமும் போகும், குழந்தையின் மனமும் ஒடியும். சிலர் அந்தப் பருவத்தில் புதிய டைவ் எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பார்கள். சிலர் அப்போதுதான் அடிப்படையை ஆழமாக்கலாம் என்பார்கள். என் அனுபவம் இரண்டாவது பக்கம் சாய்கிறது, ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

நாடு எது என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடை முகாம்கள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வரும். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை ஏப்ரல், மே. பள்ளி திறந்த பிறகு ஒரு மாதம் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். செலவும் பல மடங்கு. தொடக்கநிலைக் குழந்தைக்கு அது தேவையே இல்லை. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய நீர்விளையாட்டு மையம் இருக்கிறது. சிங்கப்பூரிலும் 2014 முதல் நல்ல மையம் உண்டு. திருச்சியிலிருந்து இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் உண்டு, நேர வேறுபாடு இரண்டரை மணிதான், தமிழ்ச் சாப்பாடும் கிடைக்கும். குழந்தைக்கு முதல் பயணம் அங்கேதான் நல்லது. ஆனால் அகாடமி தன் கடிதத்தில் பெரிய குளத்தின் படத்தைப் போட்டிருப்பதாலேயே பயிற்சி அந்தக் குளத்தில் நடக்கும் என்று எண்ண வேண்டாம். எந்தக் குளம், எந்த மணி நேரம் முன்பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

அதோடு, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஆறுக்கு மேல் போனால் நான் அனுப்பமாட்டேன். புதிய டைவை நீரில் விடுவதற்கு முன் உலர்தளத்தில் செய்ய வைப்பார்களா என்று கேளுங்கள். தங்குமிடத்தில் பெண் பொறுப்பாளர் யார், பயிற்சியாளர் எவரும் குழந்தையோடு தனியாக ஓர் அறையில் இருக்க நேராது என்பதற்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நல்ல நிறுவனம் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இருக்கும். பயணக் காப்பீடு எடுக்கும்போது விளையாட்டுப் பயிற்சியில் ஏற்படும் காயம் அதில் அடங்குமா என்று வரி வரியாகப் படியுங்கள்; பல திட்டங்களில் அது விலக்கப்பட்டிருக்கும். புறப்படும் முன் காது மருத்துவரையும் கண் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். சளி பிடித்த காதோடு ஆழத்துக்குப் போனால் செவிப்பறை கிழியலாம்; அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை பற்றிய எச்சரிக்கை தேவை. நான் மருத்துவன் அல்லன், எனவே முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். இடுப்பைப் பின்னால் வளைக்கும்போது கீழ்முதுகு வலிக்கிறது என்று அவள் எப்போதாவது சொன்னால், அன்றே பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் முகாமில், முன்னோக்கிக் கிளம்பி உடலைப் பின்னோக்கிப் பலகைப் பக்கம் சுழற்றும் ரிவர்ஸ் வகை டைவ்களில் சுற்று எதையும் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில், ஏற்கெனவே ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த அமெரிக்கர் கிரெக் லூகானிஸ், இந்த வகை டைவில்தான் பலகையில் தலை மோதித் தையல் போட்டுக்கொண்டார். மறுநாள் வந்து தங்கமும் வென்றார் என்பதைப் பலரும் சொல்வார்கள். உலகின் மிகச் சிறந்தவருக்கே பலகைக்கும் தலைக்கும் இடையிலான தூரம் ஒரு நாள் தப்பியது என்பதைத்தான் ஒரு பயிற்சியாளன் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, முகாமைவிட அவசரமான ஒன்று. 1 மீட்டர் பலகைக்கே குறைந்தது 3.4 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி. அதாவது பதினோரு அடிக்கும் மேல். மோட்டார் அறைக் கூரை அந்தப் பலகையைவிட உயரம். 3 மீட்டர் பலகைக்கான ஆழம் 3.7 மீட்டர், பன்னிரண்டு அடிக்குச் சற்று மேல். ஏப்ரல் பிறந்தால் நம் பக்கத்துக் கிணறுகளில் நீர் எவ்வளவு இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். போன ஐப்பசியில் அவள் டைவ் அடித்த அதே இடத்தில் இப்போது பாறை முழங்காலளவில் நிற்கலாம், நீர் பச்சையாக இருப்பதால் மேலிருந்து தெரியாது. இந்த வாரமே தாத்தாவை விட்டு ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அவள் விழும் இடத்திலும் அதைச் சுற்றி நான்கு பக்கமும் இறக்கி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்திலாவது பதின்மூன்று அடி இல்லையென்றால், மழை வந்து கிணறு நிறையும் வரை அவள் கூரையில் ஏற வேண்டாம். படிக்கட்டில் இறங்கி நீந்தட்டும்.